மைக்ரோவும் மில்லியும்

மட்டாஞ்சேரியில் மிளகும் ஏலக்காயும் எடை போடுகிற கடையில் எனக்கு வேலை. எங்கள் கடையில் "ஐம்பது போடு" என்றால் ஐம்பது கிலோ. கிலோ என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டோம். அந்தப் பழக்கம்தான் என்னை மாட்டிவிட்டது.

என் கணவருக்குத் தேவரா பக்கம் வேலை. கப்பல் தகடுகளில் வைத்த வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று கதிர்வீச்சால் படம் எடுப்பார். வேலை நேரத்தில் சட்டைப்பையில் ஒரு மீட்டர் இருக்கும். அவர்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று உடனே காட்டும். அதே கதிரைப் பதிவு செய்ய நெஞ்சில் குத்துகிற பேட்ஜ் வேறு. அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்பிச் சீட்டு வாங்குவார்கள். மீட்டர் காட்டுவதை வாராவாரம் அவரே ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைக்க எடுத்த சட்டையில் நோட்டும் சீட்டும் கிடைத்தன. நோட்டில் அந்த மூன்று மாதத்தைக் கூட்டினேன். ஆறாயிரத்து முன்னூறு. சீட்டிலோ வெறும் இரண்டு. எனக்கு ரத்தம் கொதித்தது.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறாங்க உங்க ஆபீஸ்ல! இனி அந்த வேலைக்குப் போகாதீங்க."

சாயா குடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "வெறுதே பயப்படாத. நோட்டுல இருக்கிறது மைக்ரோ சீவர்ட், சீட்டுல மில்லி சீவர்ட். ஆயிரம் மைக்ரோ சேந்தாத்தான் ஒரு மில்லி. உங்க கடையில ஆயிரம் கிராம் ஒரு கிலோ இல்லியா?"

வெட்கமாகப் போய்விட்டது. நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் எடை போட்டுப் பழகிய புத்தி சும்மா இருக்குமா? ஆயிரத்தால் வகுத்தேன். ஆறு புள்ளி மூன்று வந்தது.

"அப்பவும் நாலுக்கு மேல குறையுதே?"

அவர் சிரிப்பு நின்றது. டம்ளரைக் கீழே வைத்தார். பல நாள் பேட்ஜை ஆபீஸ் ஆணியிலேயே மாட்டிவிட்டு வேலைக்குப் போனதாகச் சொன்னார். சீட்டில் அளவு ஏறினால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயமாம்.

"பின்ன இந்த நோட்டு எதுக்கு?"

"எவ்வளவு ஏறுதுன்னு எனக்காவது தெரிய வேண்டாமா?"

ஆபீஸைத் திட்டிய வாய்க்கு அவரைத் திட்ட வரவில்லை. அழுகைதான் வந்தது. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அந்த நோட்டோடு நானும் அவருடன் தேவரா பஸ்ஸில் ஏறினேன்.