ஹேமநாதன் உட்காராத நாற்காலி

"யாரு அது?" என்று கேட்டுக்கொண்டே ஹேமநாதன் கண்ணாடியைப் பார்ப்பார். வாசல் அவருக்குப் பின்னால். கழுத்து திரும்பாது. திரும்பினால் தலையிலிருந்து கால்வரை மொத்த ஆளும் திரும்ப வேண்டும்; அதற்குள் வந்தவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். அதனால் தெப்ரா என்ற ஊரில் இருக்கும் அவருடைய முடிவெட்டும் கடையில் மூன்று சுவரிலும் கண்ணாடி.

இருபத்தைந்து வயதில் வந்த வாதம் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. "மூங்கில் முதுகுன்னு டாக்டரே சொல்லிட்டாருலா. என்னைய நட்டுப் பந்தல் போடலாம்." பிறகு அந்தச் சனியன் இடுப்பு மூட்டுகளுக்கும் இறங்கிப் பூட்டுப் போட்டது. பதினொரு வருஷமாக மனுஷனுக்கு இரண்டே நிலை: நிற்பது, படுப்பது. சாப்பாடும் நின்றுகொண்டுதான். கழிப்பறையில் எப்படி என்று கேட்டால், "அது என் பொண்டாட்டிக்கே தெரியாத ரகசியம்" என்பார்.

அவரால் குனிய முடியாது. நாற்காலியின் மிதியை மிதித்து, வந்தவரை ஏற்றுவார், இறக்குவார், சுழற்றுவார். பெரிய அதிகாரி வந்தாலும், "நீங்கதான் சார் குனியணும்."

"ஊரே ஒன் நாற்காலியில ஒக்காந்து எந்திரிச்சிருச்சி தம்பி, நீதான் பாக்கி" என்று சீண்டுவார் லாரி ஓட்டி ஓய்ந்த தங்கராஜு. ஹேமநாதனும் சேர்ந்து சிரிப்பார். ஆள் போனபின், சுத்தமாக இருக்கும் கைப்பிடியை மறுபடி துடைத்துக்கொண்டே நிற்பார். அதில் ஒருமுறை உட்கார வேண்டும், அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வெளியே சொல்ல வெட்கம்.

இந்த வருஷம் இரண்டு இடுப்பு மூட்டுகளையும் மாற்றினார்கள். முதல் அறுவைக்கு முன்பு தொடையைச் சிரைக்க வந்த தாதியிடம் ஆரம்பித்தார் சண்டையை. "அலமாக், மிஸ்ஸி! தோல இழுத்துப் புடிக்காம மிஷின ஓட்டுறீங்களே, வரி வரியா நிக்குது பாருங்க!" கொடுங்கள், நானே செய்கிறேன் என்று மிஷினைப் பிடுங்கினார். கை பாதித் தொடையைத் தாண்டவில்லை. பயம்தான் இப்படி வாயாக வருகிறது என்று மனைவி வாசுகிக்குத் தெரியும். முதுகில் மரப்பு ஊசி நுழையாது, முழு மயக்கம்தான் என்று டாக்டர் சொன்னதிலிருந்தே ஆள் சரியாகத் தூங்கவில்லை.

இரண்டு அறுவையிலும் பிழைத்து எழுந்தார். ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்துப் பார்த்தார்கள். "பச்சை உடுப்புல ஒக்கார்றதெல்லாம் ஒக்கார்றதா?" என்று அதைத் தள்ளிவிட்டார். முழங்காலைவிடத் தாழ்ந்த இருக்கை கூடாது என்றார் டாக்டர். வீட்டு நாற்காலிகளை டேப் வைத்து அளந்தார்கள், ஒன்றும் தேறவில்லை.

"ஏத்தி எறக்குற நாற்காலி கடையில சும்மாதானே கெடக்கு?" என்றார் வாசுகி.

கடை மீண்டும் திறந்த அன்று முதல் ஆளாகத் தங்கராஜு வந்து நாற்காலியை நோக்கி நடந்தார்.

"இருங்கண்ணே."

வாசுகி மிதியை மிதித்து நாற்காலியை உயர்த்தினார். ஹேமநாதன் பின்பக்கமாக நகர்ந்து, கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு, காலை முன்னால் நீட்டி, மெல்ல இறங்கினார். உட்கார்ந்தேவிட்டார். மூன்று கண்ணாடியிலும் அவரே தெரிந்தார். கண் கலங்கியது.

வெள்ளைத் துணியை உதறித் தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்துத் தங்கராஜுவிடம் நீட்டினார்.