வாங்க வருகிறவர்கள்

சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், துணிக்கடை அக்கா தன் கடை வாசலில் நீட்டியிருந்த தகரச் சாய்ப்பைத் தானே பிரித்துக்கொண்டிருந்தார். கடப்பாரையால் நெம்பும்போதெல்லாம் துருவேறிய ஆணிகள் கிறீச்சிட்டன. எதிரே என் மருந்துக்கடை. நானும் பக்கத்துக் கடைக்காரர்களும் டீ கிளாஸோடு வேடிக்கை பார்த்து நின்றோம். எங்கள் மலையில் மழைக்காலத்துக்கு வாசலில் சாய்ப்பு இல்லாவிட்டால் துணிக்கடை நடத்துவது கஷ்டம். அது தெரிந்துதான் பிரித்தார். கடைசித் தகரத்தையும் இறக்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "என் பங்குக்கு வழி உட்டாச்சு. இனி பஸ்ஸு உள்ள வாரது உங்க கையில இருக்குதுங்க" என்றார்.

அந்தக் கடைவீதியில் கடை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப்போலக் கீழிருந்து கொல்லிமலைக்குப் பிழைக்க வந்தவர்கள். மலையிலேயே பிறந்து அங்கே கடை வைத்த பெண் அக்கா ஒருவர்தான், வளப்பூர் நாடு என்னும் மலைப்பகுதிக்காரர். முன்பெல்லாம் பேருந்துகள் வீதியின் நடுவிலேயே வந்து நிற்கும். நாங்கள் ஆளாளுக்குச் சாய்ப்பை நீட்டினோம், வாசலில் வண்டிகளை நிறுத்தினோம். பேருந்து திரும்ப இடமில்லாமல் போனதும், பஸ் டிப்போக்காரர்கள் நிறுத்தத்தை ஊருக்கு வெளியே ஒரு மேட்டு நிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். மிளகும் பலாவும் விற்ற காசோடு வருகிற குடியானவர்கள் அங்கேயே இறங்கி, அங்கேயே அடுத்த பேருந்தில் ஏறி, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போய்ச் சாமான் வாங்கப் பழகிக்கொண்டார்கள். எங்கள் வீதியில் பகலிலேயே கதவுகள் பாதி சாத்திக் கிடந்தன.

அக்காவுக்குக் கோபம் சீக்கிரம் வரும். கீழே வாங்கிய பையோடு எதிர்ப்படுகிறவர்களை நிறுத்திச் சண்டை பிடிப்பார். ஆலத்தூர் நாட்டிலிருந்து வரும் கர்ப்பிணிப் பெண் ஒருத்தியிடமும் ஒருநாள் அப்படித்தான் கேட்டார்.

"ஏங்கண்ணு, நம்ம கடையில இல்லாத சேலையா கீழ இருக்குது?"

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சேலைக்காக இல்லீங்க அக்கா. காலையில ஊட்ட உட்டு வந்தா சாயங்காலந்தான் திரும்பறதுக்கு பஸ்ஸு. அதுவரைக்கும் இங்க ஒதுங்க ஒரு எடமில்லீங்க. கீழ பஸ் ஸ்டாண்டுல இருக்குது."

அக்கா உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். மருந்து வாங்க வந்தபோது என்னிடம், "எனக்குக் கடைக்குப் பின்னாலயே ஒண்ணு இருக்குது தம்பி. அதனால இத்தன வருசமா எனக்கு இது தோணவே இல்ல பாருங்க" என்றார்.

அடுத்த சந்தை நாளன்று, துணிக்கட்டுகளை ஒதுக்கிவைத்து, கடைக்குள் புகுந்து பின்னாலிருக்கும் கழிப்பறைக்குப் பெண்கள் போக வழிவிட்டார். தண்ணீரைத் தானே சுமந்து ஊற்றினார். துணி விற்கிற இடத்தில் இது என்ன அசிங்கம் என்று வீதியில் முணுமுணுத்தார்கள். ஆனால் சேதி பரவ, மேட்டு நிலத்தில் இறங்கிய பெண்கள் நடந்து உள்ளே வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் சற்று உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் அவர் கடையில் பாவாடைத் துணி எடுத்தார்கள், என் கடையில் இருமல் மருந்து கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் பேருந்தை மறுபடி உள்ளே விடச் சொல்லிக் கேட்க எங்களுக்குத் தெம்பு வந்தது. வழி இருந்தால் விடுகிறோம் என்று டிப்போவில் சொன்னார்கள். அந்தப் பதிலுக்குத்தான் அக்கா கடப்பாரையை எடுத்தார். சில வாரங்களில் நாங்களும் எங்கள் சாய்ப்புகளை இறக்கினோம். பேருந்து பழையபடி வீதிக்குள் வந்து நின்றது.

வீதி பிழைத்தது. அதுவே அக்காவுக்கு வினையாக முடிந்தது. அக்காவுக்குக் கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரரின் மகன், திருப்பூரில் வேலையிலிருந்தவன், திரும்பி வந்தான். அவனுக்கு அக்காவின் கடை வேண்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் போய்ப் பேசினோம். கட்டடக்காரர் கெட்டவர் இல்லை. "வீதியில ஆளே இல்லாதப்ப எம்பையன வான்னு கூப்பிட முடியலீங்க. இப்ப கூப்பிட்டேன். தப்புங்களா?" என்று கேட்டார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அக்கா யாரையும் குறை சொல்லாமல் துணிக்கட்டுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வளப்பூருக்குப் போய்விட்டார். அவர் கடை இருந்த இடத்தில் அந்த மகனின் செல்போன் கடை வந்தது. பின்னாலிருந்த கழிப்பறை அட்டைப் பெட்டிகள் போட்டுவைக்கும் அறையானது. பெண்கள் கொஞ்ச நாள் வந்து கேட்டுப் பார்த்தார்கள். பிறகு பேருந்தைவிட்டு இறங்குவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போது பஞ்சாயத்தில் வீதியை அழகுபடுத்தப் போகிறார்களாம். வண்ணக் கற்கள் பதிப்பார்கள், விளக்குக் கம்பங்கள் நடுவார்கள். போன மாதம் கடைக்காரர்களைக் கூட்டி யோசனை கேட்டார்கள். நான் அக்காவுக்குப் போன் செய்து வரச் சொல்லியிருந்தேன். அவருக்குத் தலை நன்றாக நரைத்துவிட்டது. கடைசி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கூட்டம் நடத்தியவர், "உங்களுக்கு எந்தக் கடைம்மா?" என்று கேட்டார்.

"கடை இல்லீங்க. சாமான் வாங்க வாரவ. வாங்க வாரவங்கள யாரும் கூப்பிடலீங்க, அதான் நானே வந்தேன்" என்றார் அக்கா. பிறகு, வருகிற பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். கூட்டம் நடத்தியவர் தலையாட்டினார், இந்தத் திட்டத்தில் அதற்கு இடமில்லை, அடுத்ததில் பார்க்கலாம் என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று அக்கா எழுந்து போனார்.

என் கடைக்குப் பின்னாலும் ஒரு கழிப்பறை உண்டு. மறுவாரம் மருந்துப் பெட்டிகளை நகர்த்தி அதற்கு வழி ஏற்படுத்தினேன். இந்தக் கட்டடமும் அதே கட்டடக்காரருடையதுதான்; அவர் நினைத்தால் என்னையும் காலி செய்யச் சொல்லலாம். நேற்று சந்தை நாள். குழந்தைகளோடு பெண்கள் என் வாசலில் வரிசையாக நின்றார்கள். செல்போன் கடையிலிருந்து கட்டடக்காரரின் மகன் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு அந்த வரிசையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கடைக்குத் திரும்பிப் போனான்.