இருவருக்கும் ஓமத்தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில், அரியமங்கலத்தில் எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருத்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை. இன்னொருத்தி அம்மா வளர்த்த சினைச் செம்மறி. ஆட்டை ஆள் கணக்கில் சேர்க்கிறேனே என்று சிரிக்காதீர்கள். அம்மாவே அப்படித்தான் சேர்த்தாள். இருவருக்கும் மந்தம் என்று முடிவுகட்டி, ஒரே பாத்திரத்தில் ஓமத்தண்ணீர் காய்ச்சுவாள். ஆட்டுக்கு மூங்கில் குழாயில் புகட்டுவாள், அத்தைக்கு டம்ளரில் கொடுப்பாள்.

"டம்ளர் எதுக்கு அண்ணி, எனக்கும் குழாய்லயே ஊத்திடுங்க" என்பாள் அத்தை.

அம்மா சிரிக்கமாட்டாள். தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழும். "நீ சாப்புட்டாத்தானே வயித்துல இருக்கறதுக்கு உண்டு?"

முன்பெல்லாம் ஒரு கூடை கடலைக்கொடியை நின்ற இடத்திலேயே காலி செய்கிற ஆடு, இப்போது நாலு வாய் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது. அம்மாவின் புலம்பல் தாங்காமல் ஒரு சனிக்கிழமை அப்பா சொல்லிவிட்டார்: "செத்துகித்து வைக்கப்போவுது. நாளைக்கு மாதா கோயில்ல பூசை முடிஞ்சதும் கறிக்கடைக்காரர வரச்சொல்றேன்."

நான் அழுதேன். அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க. சீக்கு வந்த ஆடு இப்படி அசைபோடுமா? தின்னது செரிச்சதும் மறுபடி எந்திரிச்சுத் திங்குது, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உள்ள குட்டி அடைச்சுக்கிட்டுக் கெடந்தா தீனிக்கு ஏது எடம்? எனக்கும் நாலு வாய்லயே நெஞ்ச முட்டுது. என்னையும் கறிக்கடைக்காரர்கிட்ட குடுத்துடுவீங்களா?"

மறுநாள் கறிக்கடைக்காரர் வரவில்லை. தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வைக்கச் சொன்னாள் அத்தை. "அரை வயித்துக்குத் தின்னா குட்டி தங்குமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள் அம்மா.

ஆடு இரட்டைக் குட்டி போட்டது. இரண்டும் தடுமாறி எழுந்து மடியை முட்டின. அத்தை கைதட்டினாள். அம்மா மட்டும் குட்டிகளின் விலாவை மாற்றி மாற்றித் தடவினாள். நல்ல சதைப்பற்று. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷம் போலிருக்கிறது என்று நான் குட்டிகளோடு விளையாடப் போய்விட்டேன்.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் எலும்பும் தோலுமாகப் பிறந்து, ஒரு வாரம்கூட இருக்காமல் போயிருக்கிறான். வயிற்றுப்பிள்ளையோடு அம்மா சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று சொந்தபந்தமெல்லாம் சொல்லியிருக்கிறது. அவளும் அத்தனை வருஷமாக அதையே நம்பியிருக்கிறாள். அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?