அக்காவைப் பாஸ் ஆக்கிய கதை

என் வகுப்பில் ஒரு பிள்ளை தங்குதடையில்லாமல் வாசித்தால் மற்ற ஆசிரியர்கள் கைதட்டுவார்கள். நானோ உடனே நிறுத்தி, நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, "இங்கேர்ந்து படி" என்பேன். "ஓவர் லா நீங்க" என்கிறார்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைகளைத் தனியாக அழைத்துச் சொல்லிக்கொடுக்கும் குறைநீக்கல் வகுப்புக்கு நான் ஆசிரியையாக வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் இப்படி ஒரு பெயர். இருக்கட்டும். தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது நான் செய்த காரியம் அவர்களுக்குத் தெரியாது.

அப்போது திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். பக்கத்து வீடு பெரியம்மாவுடையது. அவர் மகள் என்னைவிட நாற்பது நாள் மூத்தவள். அந்த நாற்பது நாளுக்காக நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. ஒரே வகுப்பு, ஒரே மேசை. ஆனால் தமிழ்ப் பாடவேளை வந்தால் அவள் எழுந்து, சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்திலிருந்த குறைநீக்கல் அறைக்குப் போய்விடுவாள். "பேபி கிளாஸ் கிளம்பிருச்சு டோய்" என்பார்கள் பையன்கள். அவள் பாட்டுக்குப் போவாள். காது சுடுவது எனக்குத்தான். "இந்த வாரம் பூரா 'ண' மட்டும்" என்று திரும்பி வந்து பெருமையாகச் சொல்வாள். வாரத்துக்கு ஓர் எழுத்தா என்று நான் சிரிப்பேன்.

ஆண்டு இறுதியில் வாசிப்புச் சோதனை. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தேறினால் அந்த அறைக்கு இனிப் போக வேண்டாம். தேறாவிட்டால் நான்காம் ஆண்டிலும் அதே அறைதான். முதல் நாள் எங்களைப் போன்ற கெட்டிக்காரர்களுக்கு. கவின் தன் மாமாவோடு மீன் பிடிக்கப் போகும் கதை, எட்டே வரி; வாசித்ததும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எல்லாருக்கும் அதே பத்திதான் என்று தெரிந்ததும் என் மூளை பரபரத்தது. அக்காவுக்குச் சோதனை மறுநாள்.

அன்று மாலை அவளை வீட்டுச் சமையலறையில் பிடித்து உட்காரவைத்தேன். எழுத்துதான் அவளிடம் நிற்காது. காதில் விழுந்தது போகவே போகாது. ஒருமுறை கேட்ட பாட்டை மறுநாள் அப்படியே பாடுவாள். பெரியம்மா வருவதற்குள் எட்டு வரியும் வந்துவிட்டது.

"வெரல வரி மேல நகத்திக்கிட்டே போ. எங்கயும் நிக்காத."

"நின்னுட்டா?"

"ஏன் நிக்கிற? நிக்காத லா!"

மறுநாள் கழிப்பறைக்கென்று சொல்லிவிட்டு ஓடி, அந்த அறைச் சன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கிடையே கண்ணை வைத்தேன். அக்காவுக்கு எதிரே அதிகாரி, பக்கத்தில் குறைநீக்கல் டீச்சர். அக்கா தொடங்கினாள். ஒரு வரி. இரண்டு. விரல் சரியாக நகர்ந்தது. ஐந்தாவது வரியில் கவின் தூண்டிலை வீசும் நேரம் பார்த்து ஓய்வு மணி அலறியது. அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

மணி நின்றது. அவள் தொடங்கவில்லை.

"ம், படிம்மா" என்றார் அதிகாரி.

விரல் ஐந்தாவது வரியிலேயே கிடந்தது. எழுத்தெல்லாம் கண்ணெதிரேதான் இருந்தது. ஆனால் மனப்பாடத்துக்கு வாசல் ஒன்றுதான்; நடுவில் புகுந்துகொள்ள முடியாது. 'தூண்டில், தூண்டில்' என்று வெளியிலிருந்து உதட்டை அசைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். 

அக்கா விரலைத் தூக்கினாள். முதல் வரியில் வைத்தாள். ஆரம்பத்திலிருந்து கடகடவென்று எட்டு வரியையும் கொட்டி முடித்தாள்.

அதிகாரி சிரித்தார். "சத்தத்துல எனக்குக் கேக்கலன்னு மொதல்லேர்ந்து படிக்குது பாருங்க. கெட்டிக்காரி!"

டீச்சர் சிரிக்கவில்லை. "சார், அந்த அஞ்சாவது வரிய மட்டும் ஒருதடவ கேட்டுப் பாப்போமே."

அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போலிருந்தது எனக்கு. சொல்லிக்கொடுத்தவருக்கே ஒரு பிள்ளை தேறுவதில் இத்தனை பொறாமையா!

"போதும் லா டீச்சர். இன்னும் பதினோரு பேர் இருக்காங்க."

பாஸ்.

அன்று பெரியம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும்போது மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் வாங்கி வந்தார். என் பொட்டலத்தில் மட்டும் இரண்டு முட்டை. "எங்க வீட்டு டீச்சர் இவதான்" என்று கன்னத்தைக் கிள்ளினார். நான் மிதந்துகொண்டிருந்தேன். அக்கா மீயைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப... டீச்சர் இனிமே எனக்குச் சொல்லித் தரமாட்டாங்களா?"

"எதுக்கு? நீதான் பாஸாயிட்டியே லா!"

அவள் தலையாட்டினாள். சந்தோஷத்தில் அவளுக்குப் பசி போய்விட்டது என்று நினைத்து, அவள் பொட்டலத்தில் இருந்ததையும் நானே சாப்பிட்டு முடித்தேன்.