கன்னியம்மாவின் கணையக் கட்டி

கத்தி தீட்டுவதில் என்னை மிஞ்ச அன்று திருவள்ளூர் வட்டாரத்தில் ஆள் கிடையாது. தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். ஐம்பதுகளில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி லேபில் நான் டெக்னீஷியன். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடு போடுவேன். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய் என்னவென்று எழுதுவார். கெட்டியான சதையில் கத்தி மழுங்கினால் திரும்பத் தீட்ட அரை நாள் பிடிக்கும். அதனால் கட்டியின் கெட்டியான ஓரத்தை ஒதுக்கிவிட்டு, மெத்தென்ற நடுப்பகுதியை மட்டும் பதிப்பது என் வழக்கம். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஆரம்பாக்கத்துக் கன்னியம்மாவின் கணையத்திலிருந்து எலுமிச்சை அளவுக் கட்டி ஒன்றை எடுத்து சர்ஜன் அனுப்பினார். என் ஸ்லைடில் செல்கள் கன்னாபின்னாவென்று பெருத்திருந்தன. பெரும்பாலும் கேன்சர் என்று டாக்டரம்மா எழுதினார்.

மறுநாள் காலை அவள் புருஷன் முனுசாமி கைக்குழந்தையோடு வராந்தாவில் நின்றிருந்தார்.

“எங்கப்பா கிளம்பிட்டே?” என்றேன்.

“கடம்பத்தூருக்கு சார். அவ தங்கச்சி ஊடு. இவ தேற மாட்டான்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. புள்ளைய அவங்களுக்கே குட்த்துடலாம்னு இவளே சொல்றா. வெவரம் தெரியறதுக்குள்ள அங்கியே பழகிக்கினா நல்லதுன்றா.”

டாக்டரம்மா பார்த்தது நடுப்பகுதியை மட்டும். ஓரம், சதை கெடாமல் போட்டு வைக்கும் ஃபார்மலின் ஜாடியில் சும்மா கிடந்தது.

“ரெண்டு நாள் பொறுத்துப் போ” என்று அவரை நிறுத்திவிட்டு, நேரே டாக்டரம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன்.

“ஓரத்தை ஏன் வைக்கலே?”

“கத்தி போயிடும்னும்மா.”

“போனா போகட்டும். முழுசா வை.”

வைத்தேன். கத்தியில் மூன்று இடத்தில் பல் விழுந்தது. ஆனால் ஸ்லைடு அற்புதமாக வந்தது. வேலிக்குச்சி நட்டதுபோல் செல்கள் வரிசை வரிசையாக நின்றன.

டாக்டரம்மா நிமிர்ந்தார். “நியூரிலெம்மோமா. நரம்பு உறையிலே வர்ற கட்டி. கெடுதல் இல்லாதது. கணையத்திலே நான் பார்த்ததே இல்லை. ரொம்ப நாள் கட்டி, நடுவிலே சிதைஞ்சு போய் நம்மளை ஏமாத்தியிருக்கு. நீ வந்து சொன்னியோ, பிழைச்சோம்.”

அந்தச் சொல்லுக்கு இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

வார்டுக்கு என்னையும் கூட்டிப் போனார். “கட்டி முழுசா வந்துடுச்சு. நீ நல்லாயிருப்பே” என்றார். கன்னியம்மா முனுசாமியிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள்.

“தையல் பிரிஞ்சிடும்” என்று நர்ஸ் அதட்டினாள்.

“பிரிஞ்சா தெச்சிக்கலாம்மா” என்றாள்.

லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். தப்பு செய்திருந்தால் அந்த நிமிஷமே போய்ச் சொல்லிவிடுங்கள். எனக்கு மிஞ்சிப்போனால் ஒரு திட்டு கிடைத்திருக்கும். கன்னியம்மா கொடுக்க இருந்தது பெற்ற பிள்ளையை.