மச்சான் வெட்டிய வயர்

மச்சான் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. இந்த மனிதர் வயரைப் பார்த்துவிட்டு, பார்த்ததையே காதில் கேட்கிறார். வயரை மறைத்துவிட்டால் என்ன செய்வார்?

மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். கோயமுத்தூரில் ரேடியோக் கடை வைத்திருக்கிறார். தை அறுப்பு முடிந்து விருந்துக்கு வந்திருந்தார். நான் மலையாள எல்லையில் இருக்கும் எங்கள் சித்தூர் காலேஜில் பிசிக்ஸ் படிக்கிறேன். ஒரு வருஷமாகப் பாகம் பாகமாகச் சேர்த்து நானே பூட்டிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் ஜன்னலோரம் என் மேசையில் இருந்தது. டார்ச் செல்லில் ஓடும் ரிக்கார்டு பிளேயரை அதில் மாட்டி, பெரிய ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கேட்பேன். வீட்டில் பிளக் ஒரே ஒரு இடத்தில்தான் உண்டு. கூடத்தின் மறுகோடியில், மீட்டர் பெட்டிக்குக் கீழே. அங்கிருந்து உத்தரத்தோடு ஆணியடித்து வயரை என் மேசைக்கு இழுத்திருந்தேன்.

மச்சான் அண்ணாந்து அந்த வயரைக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"ஏனுங் காலேஜுக்காரரே, கரண்டு இத்தனை தூரம் நடையா நடந்து வந்தா அதுக்குக் கால் வலிக்காதுங்களா?"

கூடமே சிரித்தது. என் சித்தப்பாவுக்குப் புரையேறியது. அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"நம்ம கெழக்குத் தோட்டத்து மோட்டாரு லைன் கடைசியில இருக்குதுங்களே மாமா. அது முக்கி முக்கித்தான தண்ணி எடுக்குது? இதுக்கும் அதே கணக்குதானுங்க. வயரு நீண்டா சத்தம் செத்துப்போகும்."

அந்த மோட்டாரோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறவர் அப்பா. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். "அட, ஆமாங் மாப்பிள்ளை" என்றார்.

மச்சான் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். விருந்துக்கு வருகிறவர் அதையும் கொண்டுவந்திருந்தார். உத்தரத்தில் என் வயரை இரண்டு இடத்தில் வெட்டினார். முழ நீளத் துண்டொன்றை மாட்டி, ஸ்பீக்கரோடு செட்டை மீட்டர் பெட்டிக்குக் கீழே நெல்மூட்டைகளுக்கு நடுவில் திணித்தார். மூட்டைகள் சத்தத்தைக் குடித்தன. நாதஸ்வரக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசிக்கிற மாதிரி இருந்தது.

"கேட்டீங்களா மாமா? எரிச்சல் போயிருச்சு. என்னமாக் கனிஞ்சிருக்குது." கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் மாமனார் வீட்டில் மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. பாயசத்தில் உப்புக் குறைகிறது என்றால்கூட அம்மா உள்ளே போய் ஒரு கல் போட்டுக் கொண்டுவருவார். அவர் ஊருக்குப் போன பிறகு செட்டை மேசைக்கு எடுக்கப் போனேன். "மாப்பிள்ளை வெச்ச எடத்துலயே இருக்கட்டும். திரும்ப வந்து பாத்தா என்ன நெனைப்பாரு?" என்றார் அப்பா.

அன்றிலிருந்து என் செட் நெல்தூசி குடித்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெட்டிய மீதித் துண்டுகளை எடுத்துவைத்துப் பற்றவைத்தேன். காலேஜ் லாப் மீட்டரை இரவல் வாங்கி வந்து குட்டை வயரில் ஒரு தரம், நெட்டை வயரில் ஒரு தரம் அளந்தேன். முள் அசைந்ததாகச் சொல்ல வேண்டுமானால் மச்சானின் கண் வேண்டும். கிழக்குத் தோட்டத்து மோட்டார் முக்குவது உண்மை. அது பர்லாங் கணக்கில் ஓடும் கம்பி, அதன் நுனியில் தண்ணீர் இறைக்கும் மோட்டார். என் செட் தின்பது ஒரு சின்ன பல்பு தின்கிற கரண்டு. அதற்குக் கூடத்தின் அகலம் ஒரு தூரமா?

ஓணம் லீவில் மச்சான் வந்தார். பாயசம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்த நேரத்தில் மிகுந்த மரியாதையோடு ஆரம்பித்தேன்.

"மச்சான், ரெண்டு வயரு வெச்சிருக்கறனுங்க. மாத்தி மாத்திப் போடறேன். எது குட்டை, எது நெட்டைன்னு நீங்க காதுலயே சொல்லிருவீங்கன்னு அப்பாகிட்டச் சொன்னனுங்க."

"சொல்லீட்டாப் போகுது. தப்பாச் சொன்னா செட்டு உன்ற மேசைக்கே போகட்டும், என்னங் மாமா?"

அப்பா தலையசைத்தார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

செட்டை மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எடுத்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே வெளியே வைத்தேன். பிளக்கையும் வயரையும் அம்மாவின் பழைய சேலையால் மறைத்தேன். சேலைக்குப் பின்னால் போய்ப் பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். "இது நெட்டை. இழுவையாக் கேக்குது" என்றார். மறுபடி பிடுங்கிச் செருகினேன். "ஆ, இது குட்டை. நெய் மாதிரி எறங்குது." இன்னொரு முறை. "இதுவும் குட்டை. என்னை ஏமாத்தப் பாக்கறியா?"

சேலையை இழுத்துப் போட்டேன். அங்கே இருந்தது ஒரே வயர்தான். வெட்டின இடத்தில் பற்றவைத்த முடிச்சு தெரிய, சுருட்டி வைத்த நெட்டை வயர். ஒருமுறைகூட நான் மாற்றவில்லை.

மச்சானின் காது மடல் சிவந்தது. அந்தச் சிவப்பை இன்றும் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன். பிறகு அவர் சிரித்தார்.

"எல்லாமே நெட்டைன்னு மொதல்லயே தெரியுமுங் மாமா. படிக்கற பையன், மனசு நோகக் கூடாதேன்னு சும்மா சொன்னேன்."

"அதான, மாப்பிள்ளைக்குத் தெரியாதா" என்று அப்பா எழுந்தார். தன் கையாலேயே செட்டைத் தூக்கிக்கொண்டு போய் மூட்டைகளுக்கு நடுவில் வைத்தார்.

அடுப்படியில் அக்கா என் மேல் பாய்ந்தாள். "உனக்கு எதுக்குடா இந்த வேலை? ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் எனக்குத்தான் ஏச்சு." அக்காவுக்காக ஒரு நிமிஷம் வருத்தப்பட்டேன். ஒரு நிமிஷம்தான்.

என் தப்பு எங்கே என்று அப்புறம் விளங்கியது. மச்சானின் வாயை நம்பி எதையும் செய்யக் கூடாது. அதிலிருந்து எது வந்தாலும் அப்பா எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அப்பாவின் கையே பார்க்க வேண்டும்.

தீபாவளிக்கு அவர் வருகிறார். டிராக்டரிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி ஒன்று கொட்டகையில் கிடக்கிறது. என் ஆம்ப்ளிபயர் உள்ளே அதே வோல்டில்தான் வேலை செய்கிறது. மச்சான் வைத்த இடத்திலேயே செட் இருக்கும். மச்சான் மாட்டிய குட்டை வயர் பிளக்கில் இருக்கும். ஆனால் அதன் மறுநுனி ஆம்ப்ளிபயர் பெட்டிக்குள் எதிலும் தொடாமல் டேப் சுற்றிக் கிடக்கும். பேட்டரி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து செட்டை ஓட்டும். அவரே எனக்கு மறைப்புக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

அவர் கண்ணை மூடித் தன் வயரைப் புகழ்ந்து முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டேன். அப்புறம், "அப்பா, அந்தப் பிளக்கைக் கொஞ்சம் புடுங்குங்க" என்பேன். பிளக் அப்பாவின் கையில் இருக்கும், நாதஸ்வரம் நிற்காது.

பேட்டரியில் சார்ஜ் நிற்குமா என்று தெரியவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அதைச் சாக்கில் கட்டிச் சார்ஜ் போடச் சித்தூருக்கு எடுத்துப் போகிறேன்.