திரும்பும்போது நான்கு பேர்

சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த நோவா ஸ்கோஷியா மாகாண வரைபடத்தின் மேல், அத்தை தன் கைப்பட எழுதிய நான்கு தாள்கள் கிடந்தன. முதல் தாளின் தலைப்பில் ‘போகும்போது: ஐந்து பேர்’ என்று இருந்தது. கடைசித் தாளில் ‘திரும்பும்போது: நான்கு பேர்’ என்று இருந்தது. எழுத்துப் பிழை என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது. வெளியே பனி உருகி, வீட்டுக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்து நானே நான்கை ஐந்தாகத் திருத்தப் போனேன். அத்தை என் கையை மெதுவாகப் பிடித்து நிறுத்தினார்.

அத்தை என் கணவரின் அம்மா. நாற்பது வருடங்களுக்கு முன் மதுரையிலிருந்து மாமாவோடு மாண்ட்ரியலுக்கு வந்தவர். மாமா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர். அத்தை ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் முப்பது வருடம் உட்கார்ந்திருந்த டாக்டர். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் அவர்களும் மேல்தளத்தில் நாங்களுமாக இருந்தோம். என் மகளைத் தினமும் நான்கு மணிக்குக் கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூட்டி வருவது அத்தைதான். கம்பெனி மீட்டிங்குகள் முடிந்து நான் கீழே இறங்கும்போது, குழந்தை கை கால் கழுவி, தயிர் சாதம் சாப்பிட்டு, பாதித் தூக்கத்தில் இருப்பாள். இதெல்லாம் தானாக நடப்பதைப் போல நான் பழகியிருந்தேன்.

அந்தப் பயணம் அத்தையின் யோசனை. அதுவே எங்களுக்கு ஆச்சரியம். நயாகராவோ காசியோ, எங்கே போவது என்று முடிவு செய்வது எப்போதும் மாமாதான். பெட்டியில் துணி அடுக்குவது அத்தை. அப்படிப்பட்டவர் குளிர்காலத்தின் நடுவில் ஒருநாள், ஜூலையில் கடலோரமாகக் காரில் போகலாம், திராட்சைத் தோட்டங்களையும் பார்க்கலாம் என்றார். செயின்ட் ஜான் வரை கார், அங்கிருந்து காரோடு கப்பலில் ஏறி டிக்பி, பிறகு அன்னபோலிஸ் பள்ளத்தாக்கின் ஒயின் தோட்டங்கள், கடைசியில் லூனன்பர்க், ஹாலிஃபாக்ஸ். ஒவ்வொரு தோட்டத்துக்கும் போன் செய்து, குழந்தை உட்கார நாற்காலி இருக்கிறதா, வெயிலுக்கு நிழல் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஃபண்டி விரிகுடாவில் கடல் எந்த நாளில் எத்தனை மணிக்கு ஏறும், எப்போது இறங்கும் என்று தனியாக ஒரு அட்டவணை. மது கலந்த சாக்லெட்டைக்கூடத் தொடாதவர் ஒயின் நாட்டுக்கு வழி போடுகிறாரே என்று என் கணவர் கேலி செய்வார். அத்தை சிரித்துக்கொண்டே அடுத்த வரியை எழுதுவார்.

“சரியாத்தான் எழுதியிருக்கேன்மா,” என்றார் அன்று. “நான் திரும்பி வரல.”

சோபாவில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மாமாதான் முதலில் சிரித்தார். இன்னும் ஒரு வாரம் தங்கிவிட்டு விமானத்தில் வரப்போகிறாளா, வரட்டுமே என்றார். அத்தை தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். விரிகுடாவைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன வீட்டை ஒரு வருடத்துக்கு வாடகைக்குப் பேசியிருப்பதாகவும், அதன் பிறகும் அங்கேயே இருக்கலாம் என்று நினைப்பதாகவும், கடையில் வாங்க வேண்டிய சாமான்களைச் சொல்வது போலச் சொன்னார். மாமாவின் கையில் ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது. என் கணவர் எழுந்து நின்று, எதற்காக எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

“நான் என்ன பண்ணினேன்?” என்று மாமா கேட்டார்.

“நீங்க ஒண்ணும் பண்ணல,” என்றார் அத்தை.

அதில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. விவாகரத்து வேண்டாம், சண்டை வேண்டாம், யாரும் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். தூங்கி எழுந்தால் யாருக்கு என்ன வேண்டும் என்ற நினைப்பு இல்லாமல் கொஞ்ச காலம் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அந்த நிமிடம் எனக்குள் என்ன ஓடியது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அறுபத்தாறு வயதில் இவர் ஏன் தனியாக இருக்க ஆசைப்படுகிறார் என்று நான் நினைக்கவில்லை. மாமா என்ன ஆவார் என்றும் நினைக்கவில்லை. நான்கு மணிக்குக் குழந்தையை யார் கூட்டி வருவது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் மனம் பொறுக்காமல் சொன்னேன். அவர் அதிரவில்லை. “ஓம், எனக்குத் தெரியும். தை மாசமே சொன்னவ. உங்களுக்குப் பிறகு சொல்லுறன் எண்டவ,” என்றார். அது எனக்கு இரண்டாவது அடி. ஒரே கூரையின் கீழ் இருந்த எங்களிடம் சொல்லாததை வேலிக்கு அப்பால் சொல்லியிருக்கிறார். நாங்கள் கேட்கிற இடத்தில் இருந்திருக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

மாமா மூன்று வாரம் சரியாகப் பேசவில்லை. பயணமே வேண்டாம் என்று ஒருமுறை சொன்னார். பிறகு ஒருநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துப்போய் எண்ணெய் மாற்றி, டயர்களைச் சரிபார்த்து வந்தார். சாவியை மேசையில் வைத்துவிட்டு, “ரொம்ப தூரம் போகணும்ல,” என்றார்.

போனோம். அத்தை எழுதியபடியே எல்லாம் நடந்தது. ஒரு திராட்சைத் தோட்டத்தில் மாமா பழக்கமாக அத்தைக்கும் சேர்த்து ஆப்பிள் ஜூஸ் சொன்னார். அத்தை பரிமாறும் பெண்ணிடம், எனக்கு நானே சொல்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வெள்ளை ஒயின் வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகக் கோப்பையைத் தூக்கி, ஆய்வகத்தில் பார்ப்பது போலப் பார்த்தார். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்து, “புளிக்குது, நல்லாவே இல்ல,” என்று சிரித்தார். ஆனால் கோப்பையை முடித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாடகை வீட்டில் அவரை விட்ட அன்று கடல் இறங்கியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்புச் சேறுதான். கடல் எங்கே என்று மாமா கேட்டார். ஆறு மணி நேரத்தில் வந்துவிடும் என்றார் அத்தை. அவ்வளவு நேரம் இருக்க முடியாது, கிளம்ப வேண்டும் என்று மாமா சொன்னார். அத்தை அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தார். என் மகள், பாட்டி ஏன் காரில் ஏறவில்லை என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

இரண்டு வருடம் ஆகிறது. நான்கு மணிக்கு இப்போது மாமா போகிறார். முதல் வாரம் தவறான வாசலில் நின்றிருந்தார். இப்போது அங்குள்ள ஆசிரியைகள் ‘போன்ஜூர்’ சொன்னால், தலையை ஆட்டிப் பதிலும் சொல்கிறார். தயிர் சாதத்தில் உப்பு கூடுகிறது; குழந்தை குறை சொல்வதில்லை.

போன மாதம் முதல்முறையாக அவர் தனியாக அங்கே போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தார். எங்கே நிற்பது, எந்தக் கப்பல் என்று எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்தார்.

“கதவைத் தட்டினேன்மா,” என்றார். “இத்தனை வருஷத்துல அவ இருக்கிற வீட்டுக் கதவை நான் தட்டினதே இல்ல. உள்ள இருந்து யாருன்னு கேட்டா. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”